என் படத்தில் எல்லாருக்கும் நானே வசனம்

கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் எங்கே போகும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: தன் பேருக்கு. மாப்பிள்ளையின் அப்பாவானாலும் சரி, பெண்ணின் ஒன்றுவிட்ட சித்தப்பாவானாலும் சரி. தாளை வாங்கியதும் கண் நேராகக் கீழே இறங்கி, "தங்கள் நல்வரவை விரும்பும்" பகுதியில் போய் நிற்கும். அங்கே தன் பெயரைத் தேடிப் பிடித்து, இனிஷியல் சரியா, படிப்பு போட்டிருக்கிறதா, பதவி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். மணமக்கள் பெயருக்கு அப்புறம்தான் வருவார்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பவர் அபூர்வம்.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு சின்ன அச்சகத்தில். டிடிபி அடிப்பதும் நானே, பிழை பார்ப்பதும் நானே. சிவகாசியிலிருந்து வெற்று அட்டை வரும். அதில் வாசகம் அடித்துக் கொடுப்போம். போன ஆவணியில் அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து புரூஃப் பார்க்க வந்தார்கள். இடப் பற்றாக்குறையில் நடுத்தம்பியின் பெயர் தனி வரியிலும் மற்ற இரண்டு பேர் பெயர்கள் ஒரே வரியிலும் விழுந்திருந்தன. மூத்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. கடைசித் தம்பி, "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க, அதான்" என்றார். நடுவில் உள்ளவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்து மூவரையும் ஒரே வரியில் அடைத்துக் கொடுத்தேன். மூன்று பேரும் பார்த்தார்கள், ஓகே என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். அந்தத் தாளில் முகூர்த்த நாள் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. காலண்டரில் அந்தத் தேதி வியாழன். அவர்கள் கைப்பட எழுதிக் கொடுத்ததே அப்படித்தான். நல்லவேளை, அட்டை மிஷினுக்குப் போவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டுத் திருத்தினோம்.

இது எங்கள் ஊர்க்காரர்களின் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1959-இல் இங்கிலாந்தில் நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சை ஓடவிட்டு, ஒரு காதில் கேட்பதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஒரே வார்த்தைப் பட்டியலை 35 தடவை ஓதியும் யாருக்கும் அது நினைவில் நிற்கவில்லை. ஆனால் அதே காதில் அவரவர் பெயரைச் சொன்னபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கேட்டுவிட்டது. பெல்ஜியத்தில் யோசெஃப் நூட்டின் என்று இன்னொருவர். காரில் போகும்போது, தன் பெயரில் உள்ள எழுத்துகள் வரும் நம்பர் பிளேட்டுகள் தனக்கு அதிகம் பிடிப்பதைக் கவனித்திருக்கிறார். அதையே நூல் பிடித்துப் போய், மனிதர்களுக்கு மற்ற எழுத்துகளைவிடத் தங்கள் பெயரின் எழுத்துகள் மேல் ஒரு பாசம் உண்டு என்று 1985-இல் எழுதினார். நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஃபேன்சி நம்பருக்கு நடக்கும் போட்டியைப் பார்த்திருந்தால் அவர் வேலை இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

சரி, அடுத்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. என் விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு சின்னாளபட்டியில். தினமும் டவுன் பஸ். ஜன்னல் ஓர சீட் கிடைத்துவிட்டால் போதும், காந்திகிராமம் தாண்டுவதற்குள் எனக்குள் படம் ஓட ஆரம்பித்துவிடும். கலெக்டர் கையால் ஏதோ விருது வாங்குவேன். எதற்கு விருது என்பது படத்தில் தெளிவாக இருக்காது. மேடையும் கைத்தட்டலும் மட்டும் துல்லியமாக இருக்கும். முதல் வரிசையில் என் பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சர் உட்கார்ந்திருப்பார். இன்னொரு நாள் டிவிக்காரர்கள் பேட்டி எடுப்பார்கள். "இவ்வளவு எளிமையா இருக்கீங்களே" என்று கேட்பார்கள். எளிமையைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

இதைவிட அதிகமாக ஓடுகிற படம் ஒன்று உண்டு. நான் செத்துப்போயிருப்பேன். நடுவீட்டில் கிடத்தியிருப்பார்கள். என்னை மட்டமாகப் பேசினவர்கள் ஒவ்வொருவராக வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுவார்கள். யார் எவ்வளவு அழ வேண்டும் என்பதை நானே முடிவு செய்வேன். ஒரு தடவை அழுகை போதாதென்று ஒருவரைத் திரும்ப வாசலுக்கு அனுப்பி, மறுபடி உள்ளே வரவைத்தேன். இதை என் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது சிரிக்கப்போகிறாள் என்று பார்த்தால், "உனக்கும் அது ஓடுமா?" என்றாள். அவள் படத்தில் மாலை மரியாதை இன்னும் ஜாஸ்தி.

மூன்றாவது வகைதான் தினசரி ஓடுவது. என் கொழுந்தனார் மனைவியின் வளைகாப்பில் நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னாள். அப்போது அச்சகத்தில் பழைய மிஷின். நகக்கண்ணில் மை ஏறினால் சோப்புப் போட்டாலும் போகாது. வளையல் அடுக்க நான் கையை நீட்டினேன். "அண்ணி, கையைக் கழுவிட்டு வந்து போடுங்க" என்றாள். ஏழெட்டுப் பெண்கள் சிரித்தார்கள், அல்லது சிரித்த மாதிரி எனக்கு இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வந்தேன். பல வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறேன். நீளமான பதிப்பு ஒன்று, ஒரே வரியில் நறுக்கென்று ஒன்று, எதுவும் சொல்லாமல் ஒரு பார்வை மட்டும் பார்த்துவிட்டு நகர்கிற பதிப்பு ஒன்று. ஒற்றுப்பிழைகூட இல்லாத பதில்கள்.

மனம் இப்படி அலைவது எனக்கு மட்டும் உள்ள வியாதியோ என்று தேடிப் படித்ததில்தான் ஹார்வர்டு ஆட்கள் கிடைத்தார்கள். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு பேர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. ஐபோனில் ஒரு செயலி வைத்து, நாளின் நடுவே எப்போதாவது மணியடித்து, "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், நினைப்பு அதில் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா, மனநிலை எப்படி" என்று 2,250 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். 46.9 சதவீத நேரம் நினைப்பு வேறெங்கோ. மொத்தம் 22 வகையான வேலைகளைப் பட்டியல் போட்டுப் பார்த்ததில், ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறைந்தது 30 சதவீத நேரமாவது மனம் வெளியூர் போயிருந்தது. அந்த ஒன்று எது என்பதைப் பெரியவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. இனிமையான ஒன்றை நினைத்து அலைந்துகொண்டிருந்தவர்கள்கூட, கையில் இருக்கும் வேலையில் இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இல்லை. கலெக்டர் கையால் வாங்கும் விருதுக்கும் அவ்வளவுதான் மதிப்பு. வேண்டாத நினைப்பில் இருந்தவர்கள் நிலைமை கேட்கவே வேண்டாம். நாத்தனாருக்குப் பதில் சொல்லி ஜெயித்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கும்போது எனக்கு ஏன் தலை வலிக்கிறது என்பது புரிந்தது.

மூளைக்காரர்கள் இதற்கு ஒரு இடமே காட்டுகிறார்கள். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்கஸ் ரெய்க்கிள் குழுவினர், ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர்களுக்கு வேலை கொடுத்தால் மூளையின் சில பகுதிகள் அடங்குவதையும், சும்மா படுத்திருக்கும்போது அதே பகுதிகள் மும்முரமாக இருப்பதையும் 2001-இல் விளக்கி எழுதினார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டி ஒரு பகுதி, பின்மண்டைப் பக்கம் உள்ளே தள்ளி ஒரு பகுதி, இன்னும் சில. டீஃபால்ட் மோட் நெட்வொர்க் என்று பெயர். உடம்பு எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் சக்தியில் 20 சதவீதம் அதற்கே போய்விடுகிறது. அதிலும் ஒரு வேலையில் மும்முரமாக இறங்கினால் கூடுகிற செலவு சொற்பம், 5 சதவீதத்துக்கும் கீழே. ஆக, சும்மா உட்கார்ந்திருப்பது என்று ஒன்று கிடையாது. "சும்மாதானே இருக்கே" என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நெட்வொர்க் சும்மா இருக்கும் நேரத்தில் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நம்மைப் பற்றித்தான். நேற்று நான் என்ன பேசினேன், நாளைக்கு எனக்கு என்ன ஆகும், அவர்கள் என்னை என்ன நினைப்பார்கள். ஆளைச் சும்மா விட்டால் ஆள் தன்னிடமே போய்ச் சேர்கிறான்.

அப்படியானால் நாம் எல்லாரும் நார்சிசிஸ்டுகளா, அதாவது தன்மேலேயே மயங்கிக் கிடக்கிறவர்களா? யூடியூபைத் திறந்தால் அப்படித்தான் தோன்றும். உங்கள் மாமியார் நார்சிசிஸ்டா, கணவர் நார்சிசிஸ்டா, மேனேஜர் நார்சிசிஸ்டா என்று வரிசையாக வீடியோ. பார்க்கிறவர்களில் ஒருத்தரும் "நான் நார்சிசிஸ்டா" என்று தேடி வருவதில்லை போலிருக்கிறது. இந்தக் குறைபாட்டை அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் அதிகாரபூர்வக் கையேட்டில் தனியாகச் சேர்த்தது 1980-இல். இன்றைய கணக்குப்படி 9 அறிகுறிகள். அவற்றில் 5 இருக்க வேண்டும், அதுவும் ஆளின் இயல்பாகவே ஊறிப்போய் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். பட்டியலில் இரண்டாவதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது: எல்லையில்லாத வெற்றி, அதிகாரம், அறிவு, அழகு, அப்பழுக்கற்ற காதல் பற்றிய கற்பனைகளிலேயே மூழ்கிக் கிடப்பது. அதாவது, ஜன்னல் ஓர சீட்.

நார்சிசிஸ்ட் என்றதும் நமக்கு பிளக்ஸ் பேனர்தான் கண்ணில் வரும். கூலிங் கிளாஸ், மடித்துக் கட்டிய வேட்டி, பின்னணியில் சிங்கம், கீழே தீப்பெட்டிப் படங்களாகப் பொடியன்களின் வரிசை. எங்கள் அச்சகத்துக்கும் அந்த ஆர்டர்கள் வரும். பிளக்ஸ் அடிக்கும் இடத்துக்குக் கைமாற்றி விடுவோம். ஆனால் என் அபிப்பிராயத்தில் பேனர்காரர்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை. ஒரு நாள் நிற்கிறார்கள், மறுநாள் அந்தத் துணி யார் வீட்டுக் கூரையிலாவது ஒழுகாமல் காக்கிறது. அடையாளம் தெரியாத இன்னொரு வகை இருக்கிறது. 1991-இல் பால் விங்க் என்ற ஆய்வாளர் நார்சிசிஸத்துக்கு இரண்டு முகம் உண்டு என்றார். ஒன்று, மார்தட்டுகிற முகம். மற்றது கூச்சமும் தொட்டாற்சிணுங்கித்தனமும் உள்ள முகம். வெளியே பார்த்தால் பரம சாது. உள்ளே "எனக்குச் சேரவேண்டியது சேரவில்லை" என்கிற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது முகத்தை நான் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. எங்கள் பெரியப்பா இருந்தார். என் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்கத் தம்பதியாக வராமல், தட்டில் பாக்குப்பழம் வைக்காமல், பையன் ஒருத்தனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு அவர் வராமலும் இல்லை. வந்தார். மண்டபத்துக்குள் நுழையாமல், வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கிற பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி கொண்டுபோனால், "இருக்கட்டும்மா." பந்திக்குக் கூப்பிட்டால், "நீங்க சாப்பிடுங்க." சித்தப்பா வந்தார், சித்தி வந்தார், கடைசியில் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து கையைப் பிடித்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டைப் பையில் மொய்க் கவர் துருத்திக்கொண்டிருந்தது. அதை அவ்வப்போது உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார். தாலி கட்டும்போது மேளம் கெட்டியாக ஒலித்ததும் ஒரே ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார்.

பிற்பாடு என்னிடம், "அன்னைக்கு மண்டபமே என்னைத்தான் பார்த்துச்சு, அம்புட்டுப் பேரும் கேவலமா நினைச்சிருப்பான்" என்றார். நான் அங்கே இருந்தேன். அவரைச் சமாதானம் செய்யப் போன ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்களைத் தவிர யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பைக்கில் வந்த ஒரு பையன் மட்டும் அவரிடம் நின்று, "பார்க்கிங் டோக்கன் இங்கதானாங்க?" என்று கேட்டான்.

இதற்கும் ஒரு சோதனை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு 2000-இல் செய்தது. ஒரு மாணவருக்கு, போட்டால் வெட்கமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர். பெரியப்பாவின் கணக்கில் மண்டபமே.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நம்மைப் பற்றி நினைப்பது தப்பில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியாது. மூளையின் அதே பகுதிகள்தான் அடுத்தவர் மனசுக்குள் என்ன இருக்கும் என்று ஊகிக்கும்போதும் வேலை செய்கின்றன என்று இதே துறைக்காரர்கள் சொல்கிறார்கள். அலைகிற மனதுக்கு அடுத்தவர்கள் வீட்டு வழியும் தெரியும். வம்பு எங்கே வருகிறது என்றால், என் பஸ் படத்தில் நாத்தனார் பேசுகிற வசனத்தையும் நான்தான் எழுதுகிறேன். அவள் வாய் அசைகிறது, வார்த்தை என்னுடையது. கணக்கு டீச்சர் கண் கலங்குகிறார், அது என் உத்தரவு. பஸ்ஸை விட்டு இறங்கினால் எனக்குப் படம் முடிந்துவிடும். பெரியப்பாவுக்கு முடியவில்லை. வெளியிலும் எல்லாரும் தன் தலைக்குள் எழுதிய வசனத்தையே பேச வேண்டும் என்று எதிர்பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்தது போதவில்லை. அவர் மனசில் இருந்த காட்சியில் காலைப் பிடித்திருப்பார்களோ என்னவோ.

நார்சிசஸ் என்ற கிரேக்கப் பையன் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்து மயங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். அதே கதையில் எக்கோ என்று ஒருத்தி வருகிறாள். சாபத்தால் அவளால் சொந்தமாக ஒரு வார்த்தை பேச முடியாது. அடுத்தவர் சொன்னதன் கடைசி வார்த்தைகளை மட்டும் திருப்பிச் சொல்லலாம். அவன் "யாரங்கே" என்றால் அவளும் "அங்கே" என்பாள். அவனைக் காதலித்து, அவன் உதறித் தள்ளி, உருகி உருகிக் கடைசியில் குரல் மட்டும் மிஞ்சுகிறது. தண்ணீர் காட்சியைவிட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது. பெரியம்மாவை நினைத்துப் பார்க்கிறேன். பெரியப்பா "போகவே வேண்டாம்" என்றால் "வேண்டாம்தான்" என்பார். "வந்தா வர்றான்" என்றால் "வரட்டுமே" என்பார். பெரியம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

தியானம் பண்ணினால் 'நான்' கரைந்துவிடும் என்கிறார்கள். எங்கள் ஏரியாவில் இலவச யோகா வகுப்பு நடந்தபோது நானும் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு: நான் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் உள்ள அம்மா கூன் போட்டிருக்கிறார். இதுவும் எனக்கு மட்டும் நடப்பதில்லை. ஜெர்மனியின் மன்ஹைம் பல்கலைக்கழகத்து யோகென் கெபாவர் குழுவினர் 93 யோகா மாணவர்களை 15 வாரம் தொடர்ந்து கவனித்து 2018-இல் எழுதியிருக்கிறார்கள்: யோகா செய்த கையோடு கேட்டபோது, தான் மற்றவர்களைவிட உசத்தி என்ற எண்ணம் கூடியிருந்ததாம், குறையவில்லையாம். தியானம் செய்தவர்களிடமும் அதே கதை. யோகாவைக் குறை சொல்லவில்லை. இடுப்பு வலி நின்றது.

வேலையில் எனக்கு மனம் அலையாமல் இருப்பது ஒரே ஒரு நேரத்தில்தான். பெரிய பத்திரிகை, உறவினர் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது என்றால், கடையில் உள்ள பெண் கைப்பிரதியை உரக்கப் படிப்பாள், நான் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே போவேன். தனியாகப் படித்தால் கண் வரியில் போய்க்கொண்டிருக்கும், ஆள் வளைகாப்பில் இருப்பேன். அவள் படித்தால் அது நடக்காது. "அக்கா, இது மாடசாமியா மாரிச்சாமியா? இந்தாளு எழுத்து எனக்குப் புரியலை" என்று எங்காவது நிறுத்துவாள். நான் அவள் பக்கம் குனிந்து பார்த்தாக வேண்டும்.

போன மாதம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். அவள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, பேச்சுவாக்கில் வருகிற மாதிரி வளைகாப்பை எடுத்துவிட்டேன். எல்லாப் பதிப்பும் தயாராக இருந்தது. "எந்த வளைகாப்பு?" என்றாள். மூத்தவனுக்கா, இளையவனுக்கா என்று கேட்டாள். அன்றைக்கு ரசம் நன்றாக இருந்தது என்றாள், அது வேறு விசேஷம். அப்புறம், "அண்ணி, உங்க தெருவுல நெய்யிற வீட்டுல நேரடியா எடுத்தா சுங்குடி என்ன விலை வரும்? எனக்கு ரெண்டு எடுத்துத் தர்றீங்களா, ஒண்ணு மாம்பழக் கலர்ல?" என்றாள். என் படத்தில் இந்த வசனமே கிடையாது. எடுத்துக் கொடுத்தேன். மாம்பழக் கலர் கிடைக்கவில்லை, கனகாம்பரக் கலர்தான் கிடைத்தது. கரை அகலம் என்று அதற்கும் ஒரு குறை சொன்னாள். காசு இன்னும் தரவில்லை. அதைக் கேட்கிற காட்சி இப்போது காலை பஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது.